விற்கிற பாத்தியும் வீட்டுப் பாத்தியும்



போன அறுப்புப் பண்டிகைக்கு வெலிமடைப் பக்கத்துத் தோட்டமொன்றின் சிறிய கோயிலில் இருந்து எமக்கு அழைப்பு வந்திருந்தது. போயிருந்தோம். பீடத்துக்கு முன்னால் லீக்ஸ், கோவா, நோக்கோல், போஞ்சி, பீட்ரூட் எல்லாம் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு வாழைக்குலை, இரண்டு போத்தல் தேன், காலைக் கட்டிப்போட்ட சேவல் ஒன்று. அந்தச் சேவல் போதகர் ஐயா ஜெபம் சொல்லும்போதெல்லாம் கூவி, பிள்ளைகளைச் சிரிக்க வைத்தது. ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல ஏலம். நாமும் ஒரு கட்டு போஞ்சி எடுத்தோம்.

வெளியே வரும்போது வயதான அம்மா ஒருவர் பின்னாலேயே ஓடி வந்தார். "ஐயா, அதை இன்னைக்கு ஆக்கிறாதீங்க. நாலு நாள் வச்சிருந்து நல்லாக் கழுவி ஆக்குங்க. முந்தாநாள்தான் மருந்தடிச்சோம்" என்றார்.

"அப்ப வீட்டுக்கு நீங்க என்னம்மா செய்யிறீங்க?" என்று கேட்டோம்.

"வீட்டுக்கு வேற பாத்தி இருக்குங்க. அது லயத்துக்குப் பின்னாடி. அதுக்கு மருந்தே கிடையாது. இது விக்கிற பாத்தி."

அவர் எதையும் மறைக்கவில்லை. கள்ளம் இல்லாத மனசு. எமக்கு ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது என்றுதான் ஓடி வந்து சொன்னார். ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த இரண்டு பாத்தியும் எம் மனதைவிட்டுப் போகவில்லை. விற்கிற பாத்தியில் இருந்துதானே ஆண்டவருக்கும் காணிக்கை வந்திருக்கிறது!

இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்கிறவர்களிடம் மனம்விட்டுக் கதைத்துப் பாருங்கள். பாதிப் பேராவது இதையே சொல்வார்கள். கிறிஸ்தவர், இந்து, பௌத்தர் என்று இதில் வேறுபாடு இல்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் நாம் வேதத்தில் இருந்து சில காரியங்களைச் சொன்னாலும், பொங்கலுக்கு முதல் அரிசியைச் சூரியனுக்குப் படைக்கிற வீட்டாரும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வேதம் என்ன சொல்கிறது?

வேதாகமத்தில் விவசாயத்தைப் பற்றி இவ்வளவு இருக்கிறதா என்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே மனிதனுக்குக் கொடுத்த முதல் உத்தியோகம் தோட்ட வேலைதான். தோட்டத்தைப் பண்படுத்த வேண்டும், அதைக் காக்கவும் வேண்டும். இரண்டு வேலை. நாம் முதலாவதை நன்றாகச் செய்கிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் அறுவடைச் சட்டம் ஒன்று உண்டு. வயலின் ஓரம் வரை ஒட்ட அறுக்கக் கூடாது, சிந்தின கதிரைத் திரும்பப் போய்ப் பொறுக்கக் கூடாது, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது. ரூத் என்ற விதவைப் பெண் பிழைத்தது இந்தச் சட்டத்தால்தான். அவள் பிழைக்க வந்த வேற்றூர்க்காரி. எமக்கும் இது புதிய விஷயமல்ல. சின்ன வயதில் உருளைக்கிழங்கு கிண்டி முடிந்த காணிகளில் சாக்கைத் தூக்கிக்கொண்டு நாமும் கிழங்கு பொறுக்கியிருக்கிறோம். சில முதலாளிமார் விரட்டுவார்கள். சிலர் கண்டும் காணாத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அப்படித் திரும்பிக்கொண்டவர்களுக்கு லேவியராகமம் தெரிந்திருக்காது, ஆனால் அவர்கள் செய்தது அதுதான்.

உபாகமம் 24இல், கூலிக்காரன் ஏழையாயிருப்பதால் அவனுடைய கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. ஆமோஸ் தீர்க்கதரிசி கள்ளத் தராசு வைத்திருப்பவர்களையும், பதரைத் தானியம் என்று விற்பவர்களையும் விளாசுகிறார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று பழகினவர்களுக்குத் தராசைப் பற்றி நாம் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சம்பளம், கழிவு பற்றித் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் பேசுகின்றன. அதை இங்கே வளர்க்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆமோஸ் பணக்கார வியாபாரியைத்தான் கண்டித்தார். மருந்து காயுமுன் போஞ்சியை ஆய்ந்து மூட்டை கட்டும்போது, தராசின் அந்தப் பக்கத்தில் நிற்பது நாம்.

எல்லாவற்றையும்விட எம்மைக் குத்தியது மல்கியாவின் புத்தகம். குருட்டு ஆட்டையும் நொண்டி ஆட்டையும் பலிக்குக் கொண்டு வந்தவர்களிடம், இதை உங்கள் அதிபதிக்குக் கொடுத்துப் பாருங்கள், ஏற்றுக்கொள்வானா என்று அவர் கேட்கிறார். நம் தோட்டத்தில் இருந்திருந்தால், பெரிய துரை பங்களாவுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்றிருப்பார்!

காணிக்கும் ஓய்வு உண்டு

லேவியராகமம் 25 இன்னும் விசேஷமானது. ஆறு வருஷம் பயிரிட்டு ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். தேயிலையில் வேலை செய்கிறவர்கள் அப்படிக் கேட்கக் கூடாது. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட முன்பு அந்த மலையில் குவாத்தமாலா புல்லோ மானாப் புல்லோ போட்டு, ஒன்றரை வருஷம் தொடக்கம் இரண்டு வருஷம் வரை விட்டுவைக்கும்படி தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. புல்லை வெட்டி வெட்டி அங்கேயே போடுவார்கள். மண் திரும்ப உயிர் பிடிக்கும். நாம் மலையில் பார்க்கிற இந்தப் புல்லுக் காடுதான் காணியின் ஓய்வு வருஷம்.

ஓய்வில்லாமல், மலை முழுக்க ஒரே பயிரைப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஊவாவில் பழைய சாட்சி இருக்கிறது. தேயிலைக்கு முந்தி இங்கே கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் போல ஒரு நோய் தென்பட்டது. இலைத்துரு நோய் என்று பெயர். இருபது வருஷத்துக்குள் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் அநேகமாக அழிந்து போயின. அதற்குப் பின்தான் தேயிலை இந்த மலைகளைப் பிடித்தது.

இன்னொன்றும் சொல்லலாம். தேயிலை இலையைச் சுருட்டுகிற புழு முந்தி பெரிய தொல்லையாக இருந்தது. 1935, 1936 வருஷங்களில் ஜாவாவில் இருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டு வந்து விட்டார்கள். அது புழுவுக்குள்ளேயே முட்டையிட்டு அதை அழிக்கும். பிரச்சினை ஓய்ந்தது. பிறகு 1950களில் தண்டைத் துளைக்கிற வண்டுக்காக டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். அந்த மருந்து குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த சுருட்டுப்புழு மறுபடி கிளம்பியது. ஒரு எதிரியை அடிக்கப் போய்ச் சம்பளமில்லாமல் வேலை செய்த கூட்டாளியையும் அடித்துவிட்டார்கள்.

புத்தலயில் ஒரு சுவாமி

வேதத்தில் இருப்பதை வாழ்ந்து காட்டியவர்கள் நம் மாகாணத்திலேயே இருந்திருக்கிறார்கள். பதுளை மறைமாவட்டம் 1972ஆம் ஆண்டு டிசம்பரில் ஏற்படுத்தப்பட்டது. முதல் ஆயர் லியோ நாணயக்கார ஆண்டகை. கண்டியில் ஆயராக இருந்தவர், அதைவிடச் சின்ன, ஏழை மறைமாவட்டத்துக்கு வந்தார். பெனடிக்ற் சபைத் துறவி அவர். அந்தச் சபையில் ஜெபமும் கைவேலையும் ஒன்றோடொன்று சேர்ந்தது. அப்புத்தளையில் தங்கமலைக் காட்டோரம் உள்ள அடிசம் பங்களாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1931இல் கட்டியது. 1960களின் தொடக்கத்தில் இருந்து அது அந்தச் சபையின் மடமாக இருக்கிறது. அங்கே துறவிகள் செய்கிற பழ ஜாமும் கோர்டியலும் பேர்போனவை. பங்களாவைப் பார்க்கப் போகிறவர்கள் ஜாம் போத்தல் வாங்காமல் திரும்புவதில்லை.

ஆயர் லியோவோடு வேலை செய்ய வந்தவர்களில் ஒருவர் மைக்கல் ரொட்ரிகோ அடிகளார். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர், 1927இல் பிறந்தவர். இரண்டு கலாநிதிப் பட்டம் பெற்றவர். அம்பிட்டிய குருமடத்தில் படிப்பித்தவர். அப்படிப்பட்டவர் 1980இல் மொனராகலை மாவட்டத்தில் புத்தலக்குப் பக்கத்தில் அலுகலவிட்ட என்ற வறண்ட கிராமத்துக்குப் போய்ச் சின்னதொரு வீட்டில் குடியிருந்தார். 'சுப செத் கெதர' என்று அதற்குப் பெயர். நல்வாழ்த்தின் வீடு என்று நாம் சொல்லலாம். சுற்றிலும் சிங்கள பௌத்த விவசாயிகள். யாரையும் மதம் மாற்றப் போகவில்லை. அவர்களிடம் கேட்டுப் படிக்கப் போனார். விகாரையில் உள்ள பிக்குமாரோடும் நல்ல உறவு வைத்திருந்தார்.

அங்கே அவர் கண்டது என்ன? சேனைப் பயிர் செய்தவர்கள் விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் கடன்பட்டு, விளைந்ததைக் கடன்காரனுக்கே கொடுத்துவிட்டு, தாங்கள் அரை வயிற்றோடு இருந்தார்கள். அந்தக் காலத்தில் பெல்வத்தைப் பக்கம் பெரிய கரும்புத் தோட்டமும் ஆலையும் வந்தன. நெல்லும் குரக்கனும் விளைந்த காணி கரும்பாக மாறியது. சுவாமி அந்த மக்கள் பக்கம் நின்று கதைத்தார், எழுதினார். கூடவே மூலிகை வைத்தியத்தைத் திரும்பப் பழக்குவது, இயற்கை எருவில் பயிர் செய்வது, பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுப்பது என்று மெதுவாக வேலை நடந்தது.

நாட்டில் கலவரமான காலம் அது. 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, அதே வீட்டில் பூசை வைத்துக்கொண்டிருந்தபோது சுவாமி சுட்டுக் கொல்லப்பட்டார். யார் சுட்டது என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அப்பமும் இரசமும் வைத்த அந்த மேசையண்டையில் அவர் விழுந்தார். அந்தக் கிராமத்துப் பௌத்த மக்கள் அவரைத் தங்கள் ஆளாகவே நினைத்து அழுதார்கள்.

சாப்பாட்டையும் காணியையும் பற்றிக் கதைப்பது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சற்று விரிவாக எழுதினோம்.

தடையும் தளர்வும்

சிலர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் நாளைக்கே மருந்தும் வேண்டாம், உரமும் வேண்டாம் என்று குதிப்பார்கள். அதுவும் சரியில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே அடியாக நிறுத்தியது. மண்ணையும் மக்களையும் ஆயத்தப்படுத்தாமல் செய்த காரியம். நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் அடி விழுந்துவிட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது. கொழுந்து குறைந்தால் யார் வீட்டில் அடுப்பு எரியாது என்று நாம் சொல்ல வேண்டுமா? எருப் போட்டு மண்ணைத் தேற்ற வருஷக் கணக்காகும். புத்தல சுவாமி ஏழு வருஷம் ஒரே கிராமத்தில் இருந்தார் என்பதையும் நினையுங்கள்.

களைக்கொல்லிக் கதையும் இப்படித்தான். கிளைபொசேற்றை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள். இடையில் சில தோட்டங்கள் வேறு களைக்கொல்லிகளை அடித்தன. அப்படி அடித்த எம்.சி.பி.ஏ. என்ற மருந்தின் மிச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பான்காரர் 2018இல் கண்டுபிடித்துக் குறை சொன்னார்கள். கொழும்பே கலங்கியது. ஜப்பானில் ஒருவர் குடிக்கிற தேத்தண்ணியில் தூசியளவு மருந்து இருந்தாலும் சோதித்துப் பிடிக்கிறார்கள். நல்லது. ஆனால் நம் பிள்ளை மடுவத்தில் ஆக்குகிற போஞ்சியையும் கோவாவையும் யார் சோதிக்கிறார்கள்? அதைப் பயிரிட்டவனின் மனச்சாட்சியைத் தவிர அங்கே வேறு ஆய்வுகூடம் கிடையாது.

பசியின் கணக்கும் இதோடு சேர்ந்தது. 1973, 1974 பஞ்சத்தில் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். மாவுக்காக வரிசையில் நின்றதை வயதானவர்கள் இன்னும் மறக்கவில்லை. அது போய்விட்டது என்று எண்ண வேண்டாம். 2016இல் அரசாங்கம் எடுத்த குடிசன சுகாதார ஆய்வில், தோட்டப் பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு சுமார் 32 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். நாடு முழுவதற்கும் அது சுமார் 17. ரொட்டியும் கட்டச் சம்பலும் மட்டும் சாப்பிட்டு வளருகிற பிள்ளைக்குக் கீரையும் போஞ்சியும் மருந்து மாதிரி. அந்த மருந்தில் வேறு மருந்து இருக்கக் கூடாது.

மருந்தடிக்கிறவர்களுக்கு

அந்த அம்மா சொன்ன "நாலு நாள் வச்சிருந்து கழுவுங்க" என்பதைப் பற்றி ஒரு சொல். ஆய்ந்த பிறகு வீட்டில் வைத்திருப்பதும் செடியில் விட்டுவைப்பதும் ஒன்றல்ல. செடியில் இருக்கும்போதுதான் வெயிலும் மழையும் செடியின் வளர்ச்சியும் சேர்ந்து மருந்தைக் குறைக்கும். கழுவினால் மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பங்கு போகும், உள்ளே ஊறினது போகாது. கடைசியாக மருந்தடித்து எத்தனை நாளைக்குப் பிறகு ஆய வேண்டும் என்று போத்தலில் ஒட்டியிருக்கிற லேபிளில் போட்டிருக்கும். மருந்துக்கு மருந்து அது வேறுபடும். வாசிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு வாசியுங்கள். இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடித்தால் பூச்சி நன்றாகச் சாகும் என்ற எண்ணத்தை விடுங்கள். வெறும் போத்தலிலும் கேனிலும் தண்ணீர், மண்ணெண்ணெய், பால் எதுவும் ஊற்றி வைக்க வேண்டாம். தெளிகருவியைப் பீலியிலோ ஓடையிலோ கழுவ வேண்டாம். கீழே இன்னொரு லயம் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. மருந்தடித்த சட்டையோடு பிள்ளையைத் தூக்குகிற தகப்பன்மாரை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். முதலில் குளியுங்கள், பிறகு பிள்ளையைத் தூக்குங்கள்.

லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டுக் காணிக்கு மருந்து தேவையே இல்லை. மாட்டெரு, வீட்டுக் குப்பை, கிளிரிசீடியா இலை, முள்முருக்கு இலை எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரமாக வைத்து, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை புரட்டிவிட்டால் மூன்று மாதமளவில் நல்ல கூட்டெரு கிடைக்கும். சரிவான காணியில் குறுக்கே பாத்தி பிடித்துக் கான் வெட்டுங்கள். மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்தால் ஒரு மழைக்கே மேல்மண் ஓடையில் போய்விடும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி மலையே லயங்களின் மேல் சரிந்ததைப் பார்த்த ஊவா மக்கள் மண்ணையும் தண்ணீரையும் விளையாட்டாக எடுக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

மறுபடி அந்தக் கோயிலுக்கு

சில மாதம் கழித்து அதே தோட்டத்துக்கு வேறு வேலையாகப் போனோம். அந்த அம்மாவைப் பார்த்து, இரண்டு பாத்திக் கதையைப் பத்திரிகையில் எழுதலாமா, பேர் போட மாட்டோம் என்று கேட்டோம். "எழுதுங்க ஐயா, நான் என்ன களவா எடுத்தேன்?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எம்மையே திருப்பிக் கேட்டார்:

"கோயிலுக்கு வீட்டுப் பாத்தியில இருந்து கொண்டாந்திருவேன், அது பெரிய காரியமில்ல. சந்தைக்கு எப்படிங்க? ஓட்டை விழுந்த போஞ்சிய முதலாளி எடுப்பாரா? எடுத்தாலும் பாதி வெலை தானே போடுவாரு. பேத்திக்கு சப்பாத்து வாங்கணும்."

நாம் சட்டென்று பதில் சொல்லவில்லை. நியாயமான கேள்வி. அழகான காயைத்தான் வாங்குவேன் என்று நிற்கிற டவுன்காரரும் இந்தப் பாவத்தில் பங்காளிதான். போதகர் ஐயாவோடும் தோட்டத்துக் கோயில் கமிட்டி ஐயாமாரோடும் இருந்து கதைத்தோம். இப்போது அங்கே ஆறு குடும்பங்கள் ஒவ்வொரு பாத்தியை மருந்தில்லாமல் செய்து பார்க்கிறார்கள். விளைந்ததை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் கோயில் வாசலிலேயே சந்தை விலைக்கு விற்கிறார்கள். முதல் ஞாயிறு ஒன்பது கிலோ போஞ்சி போனது. இரண்டாம் ஞாயிறு மழை, நாலு கிலோ மீதியாகிவிட்டது. மீதியைப் பிள்ளை மடுவத்துக்குக் கொடுத்தார்கள். அந்த அம்மா இன்னும் இரண்டு பாத்தியும் வைத்திருக்கிறார். விற்கிற பாத்தியில் மருந்தடித்த நாளைக் கலண்டரில் பேத்தியைக் கொண்டு குறித்து வைக்கிறார், நாள் கணக்கு முடியாமல் ஆய்வதில்லை.

கூட்டெரு செய்யப் பழக விரும்புகிற குடும்பங்கள் தத்தம் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் பெயர் கொடுக்கலாம். பத்துக் குடும்பம் சேர்ந்தால் விவசாயப் போதனாசிரியரைத் தோட்டத்துக்கே அழைத்து வருவோம். வரும்போது வீட்டில் இருக்கிற மருந்துப் போத்தல்களையும் லேபிளோடு கொண்டு வாருங்கள், சேர்ந்திருந்து வாசிப்போம்.